முப்பதாம் மாடியின் ஒரே தமிழச்சி

எல்லாரும் சுகம்தானே, பிள்ளைகளா? கிள்ளானில் ஓர் அடுக்குமாடி. அங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சேர்ந்து ஏறினால்தான் லிஃப்ட் நகரும். படிக்கட்டைப் பூட்டிவிட்டார்கள். முப்பதாம் மாடியில் மிஞ்சிய ஒரே தமிழச்சி கோகிலவாணி. எந்நேரமும் யாராவது துணைக்குக் கூப்பிடுவார்கள்.

ஈப்போவில் மகளுக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்ததும் பையோடு கிளம்பினாள். லிஃப்ட் நகரவேண்டுமே என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ரொஹானாவும் சீனப் பெண் மெய்லிங்கும் கூடவே இறங்கினார்கள். கீழே மெய்லிங் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க போயிட்டா நாங்க எப்படி மேல போறது லா? எங்கம்மா படுக்கையில கெடக்காங்க."

"எம்பொண்ணு தனியா துடிக்கிறாடி!"

"எங்கள ஏத்திவிட்டுட்டுப் போங்கக்கா."

மூவரும் ஏறினார்கள். மேலே கதவு திறந்ததும் மெய்லிங் அம்மாவிடம் ஓடினாள். ரொஹானா நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். தனியாக நின்ற கோகிலவாணி கீழ்த்தளப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். லிஃப்ட் அசையவில்லை.

உங்கள் கட்டடத்தில் எப்படி? எழுதுங்கள், பிள்ளைகளா.