டீசல் காசு

“இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பேறு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு. வண்டியை எடுக்கிற யோசினை இருக்கோ, இல்லையோ?”

புனிதவதி கேட்டாள். பொன்னம்பலம், வீடும் வண்டியும் ஒன்றான காம்பிங்காருக்குள் இருந்த சின்ன அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, காது கேளாதவர் மாதிரி நின்றார். காது நன்றாகவே கேட்கும்.

உணவகக் குசினியில் காலமெல்லாம் கோப்பை கழுவிய மனுசன், பென்சன் வந்த கையோடு வில்லியே லே பெல் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த வண்டியை வாங்கினார். குளிர் தொடங்கத் தெற்கே ஓடிவிடலாம், தூலூஸில் மகள் சிவாஜினியோடு கொஞ்ச நாள், பிறகு ஸ்பெயின் கடற்கரை என்று வாய் ஓயாமல் கதை சொன்னார். போகிற வழியில் அரிசி, சரக்குச் சாமான் வாங்கிப் போவோம் என்று, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான். பழைய கூட்டாளி நீக்கிலாஸின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், ரயில்பாதை மதிலை ஒட்டிய முற்றத்தில் வண்டி வேர் விட்டுவிட்டது.

கேட்டால் கணக்குத்தான் சொல்வார். ஓடினால் டீசல், நெடுஞ்சாலைக்குச் சுங்கம், நிற்கிற இடமெல்லாம் வாடகை. இங்கே நீக்கிலாஸ் ஒரு சதமும் கேட்பதில்லை, கடைக்குள்ளிருந்து கரண்டும் தருகிறார். குளிர்காலத்தில் ஒரே இடத்தில் நின்றால்தான் நாலு காசு மிச்சம் என்பார். கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க வெட்கப்படுகிற மனுசனுக்கு இந்தக் கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

அவளுக்கு அந்த முற்றம் பிடிக்கவில்லை. ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தாலும் குளிர் காலடியிலிருந்து ஏறியது. அவர் இருந்த பக்கத்துக் கண்ணாடி மட்டும் மூச்சுப் பட்டு வெளுத்திருக்கும். அவள் பக்கத்துக் கண்ணாடி துடைத்து வைத்தது மாதிரித் தெளிவாக இருக்கும். காலையில் பாண் கொண்டுவருகிற நீக்கிலாஸ் வாசலோடு நின்று அவரிடம் மட்டும் கதைத்து, அவள் இருக்கிற பக்கம் திரும்பாமலே சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவார். ஓசி இடத்தில் இத்தனை நாள் குந்தியிருந்தால் ஆருக்குத்தான் முகம் கொடுக்க மனம் வரும் என்று அவள் கூனிக் குறுகிப் போவாள்.

ஒன்று மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே வந்ததிலிருந்து அவளை ஒரு துரும்பு அசைக்க அவர் விட்டதில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத் தூளைக்கூட அவள் அளவு சொல்லச் சொல்ல அவரே வறுத்து இடித்தார். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு. பக்குவத்தை ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்க, போன் அடித்தது. சிவாஜினி. வலி தொடங்கிவிட்டதாம். மருமகன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாராம். பிறகு அவள் குரல் உடைந்தது.

“அப்பா, நீங்களாவது வாங்கோ.”

அம்மா எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. வராமல் இருப்பதில் மகளுக்குத் தன்மேல்தான் கோபம் என்று புனிதவதிக்கு நெஞ்சு எரிந்தது. அடுப்பை நிறுத்திவிட்டுப் பொன்னம்பலம் அவளுக்கு எதிரே இருந்தார்.

“நீர் சொல்லும். போகத்தான் வேணுமோ?”

“இதென்ன கேள்வி. பெத்த பிள்ளை தனியக் கிடந்து துடிக்குது. டீசலைப் பாத்துக்கொண்டு இருப்பியளோ?”

“வண்டி இந்த இடத்தை விட்டு எழும்பினா, பிறகு எனக்கு ஆரும் இல்லை.”

“ஏன், நான் இல்லையோ?”

அவர் அவளையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வெளியே போய்க் கரண்ட் வயரைக் கழற்றினார். நீக்கிலாஸ் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு கிழவர்களும் முற்றத்தில் நின்று விம்மியது அவளுக்குக் கொஞ்சம் கூத்தாகவும் பட்டது. ஒரு வழியாக வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வடிந்தது.

“டீசல் காசுக்கு அழுகிற மனுசனை இப்பத்தான் பாக்கிறன்” என்றாள், பக்கத்து ஆசனத்தில் சந்தோசமாகச் சாய்ந்துகொண்டு.

“போட்டு வாறன் எண்டு சொல்லவும் வாய் வருகுதில்லையப்பா” என்றார் அவர். சாவியைத் திருப்பினார்.

வண்டி நகர்ந்தது. அவள் இருந்த ஆசனம் அவளை விட்டு முன்னே போயிற்று. அடுத்து அடுப்பு அவளுக்குள்ளால் போனது, பிறகு கட்டில், கடைசியில் பின்சுவர். வெறும் சீமெந்துத் தரையில் நின்றபடி அவள் கூப்பிட்டாள். வண்டி கேற்றைத் தாண்டி ரூ பஜோல் தெருப் பக்கம் திரும்பி மறைந்தது.

நீக்கிலாஸ் அவளை ஊடறுத்து நடந்து வந்து, குளிர் தொடங்கிய நாளில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்த அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தார். அந்த மனுசன் இத்தனை நாளும் எதை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று புனிதவதிக்கு அப்போதுதான் விளங்கியது.