ஏழாவது படுக்கை

இடுப்பு விட்டுப்போச்சு.

விடிந்ததிலிருந்து சாத்தன் குந்தியபடி குகைப் பாறையில் எட்டாவது படுக்கையைக் கொத்திக்கொண்டிருக்கிறான். உளியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஏழாவதில் சாய்ந்தான். உச்சிவெயில் குகை வாசலோடு நின்றுகொண்டது.

சமணத் துறவிகள் மழைக்காலம் நாலு மாதமும் படுப்பது இங்கேதான். வெறும் பாறை. பாய் கிடையாது, போர்வை கிடையாது. மூத்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே அளவு. ஒருக்களித்துப் படுக்கலாம், புரள இடமில்லை. படுக்குமுன் மயிற்பீலியால் கூட்டுவார்கள். எறும்பு நசுங்கிவிடக் கூடாதாம்.

அவனுடையது கல் சுமந்தே வளர்ந்த உடம்பு. அவனுக்கே அடியில் வைக்கோல் இல்லாமல் தூக்கம் வராது.

தோளுக்கடியில் ஏதோ குத்தியது.

தடவினான். எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு.

படுக்கை முழுக்க உளித்தடம் சொரசொரத்தது. புடைப்பு மட்டும் வழவழவென்றிருந்தது.

யாரோ தோளால் தேய்த்த வழவழப்பு.

அப்புறம்தான் நினைவு வந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்த ஏழாவதை முடிக்கிற நேரத்தில், கீழேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். பெண்டாட்டிக்கு வலி கண்டுவிட்டது. இதில் படுக்கவிருந்த பெரியவரிடம், "நாளைக்கு வந்து சரி பண்ணிடுறேன் சாமி" என்று சொல்லிவிட்டு மலையிறங்கி ஓடினான்.

மகள் நங்கை பிறந்தாள்.

அந்த 'நாளை' வரவேயில்லை.

பெரியவர் மழைக்காலந்தோறும் அவன் வாசலில் பிச்சைக்கு நின்றிருக்கிறார். கை ஏந்திச் சோறு வாங்குவார். "பிள்ளை சுகமா?" அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

போன மாதம் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார்.

எழுந்தான். உளியைப் புடைப்பின்மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"சாத்தா, அதில் கை வைக்காதே."

வாசலில் இன்னொரு துறவி. சிரித்தார்.

"பெரியவர் படுத்த இடம். அதுக்கு எங்களுக்குள்ளே அடிதடி நடக்காத குறை."

"முதுகைக் குத்துமே, சாமி!"

"அவரைக் குத்தவில்லையா?"

சுத்தியல் தானாகக் கீழே இறங்கியது.

எட்டாவதுக்குத் திரும்பினான். சாயங்காலம்வரை உள்ளங்கையால் தடவித் தடவிக் கொத்தினான். குழந்தையைப் போடலாம், அப்படி வந்தது.

ஏழாவதில் அரை நாள் வேலை பாக்கி.