உச்சியைத் தொட்டவர்

“விடுய்யா என்னை! இன்னிக்கு அந்த உச்சியைத் தொட்டுட்டுத்தான் மத்த வேலை!”

நாலு சாலைகள் கூடும் அந்தச் சின்ன மலையூரே திரும்பிப் பார்த்தது. தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், தோளில் கயிறு என்று கிளம்பிய நம் வீரரை, மலையேற்ற வழிகாட்டி கையைப் பிடித்து மறித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், வீரர்தான் அவன் கையை விடாமல் பிடித்திருந்தது தெரியும். பாவி, நிஜமாகவே விட்டுத் தொலைத்தால் என்ன ஆவது?

“சார், சொன்னா கேளுங்க. ராத்திரி மழை பேஞ்சிருக்கு, பாறை வழுக்கும். யாரையும் ஏத்த முடியாது.”

“மழையாவது மண்ணாவது! நான் பாக்காத மலையா?”

பார்த்திருக்கிறார். காலண்டரில். வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே அவருக்குக் கால் வெடவெடக்கும்.

எல்லாம் கல்யாணப் பேச்சின்போது வாய் செய்த வினை. பொழுதுபோக்கு என்னவென்று பெண் கேட்டாள். சீட்டாட்டம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, “மலை ஏறுவேன்” என்று அளந்துவிட்டார். பெண் முகம் மலர்ந்துபோய், அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டாள். இப்போது குட்டு வெளிப்பட்டால் கட்டிய மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

அவளோ வருஷம் தவறாமல் கல்யாண நாளுக்கு அவரை இதே ஊருக்கு இழுத்து வந்துவிடுகிறாள். “நீங்க ஏறுறதை ஒரு தடவையாவது கண்ணால பாக்கணுங்க” என்று பேச்சு வேறு.

அதனால்தான் காலையிலேயே, மனைவி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, வழிகாட்டியை ஓரங்கட்டியிருந்தார்.

“தம்பி, என் மானமே உன் கையிலதான் இருக்கு. போன தடவை மாதிரி எதையாவது சொல்லித் தடுத்துடுப்பா.”

“கவலைய விடுங்க சார். முதல் வருஷம் பாறை சரிஞ்சுது, போன வருஷம் தேனீ. இந்த வருஷம் மழைன்னு வச்சுக்கலாம்.”

தங்கமான பையன். இத்தனை உதவிக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட வேண்டாம் என்றுவிடுகிறான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா!

ஆக, தெருவில் புழுதி பறக்கப் பறக்க மழை நாடகம் அமோகமாக நடந்தது. நடுவில் மனைவி வந்து அவர் தோளைத் தொட்டாள்.

“விடுங்க. உயிரைவிடவா மலை பெருசு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“உனக்காகத்தான் பொறுத்துக்கிறேன். இல்லேன்னா நடக்கிறதே வேற!”

ஆனால் இடுப்பு பெல்ட் கழல மறுத்தது. அதற்காவது கொஞ்சம் ரோஷம் இருந்திருக்கும். அவர் இழுத்த இழுப்பில் சிக்கல் இன்னும் இறுகியது. வழிகாட்டியும் முட்டி மோதிப் பார்த்தான். மனைவி குனிந்து இரண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். பெல்ட் சொன்னபடி கேட்டு அவர் காலடியில் விழுந்தது. ஊறுகாய் பாட்டில் திறந்து பழகிய கை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டில் துக்கத்தைத் தீர்த்துக்கொண்டார். சோகத்தில் இருப்பவருக்குப் பசி கூடுதல் போலும், பரிமாறுகிறவருக்குக் கை ஓய்ந்துபோனது. சோற்றுக்கு நடுவே, பனிமலையில் ஒற்றைக் கையால் தொங்கிய கதையைப் பரிமாறுகிறவருக்கும் ஒரு தடவை சொல்லி முடித்தார். மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுளி.

லாட்ஜ் அறைக்கு வந்து கட்டிலில் விழுந்ததும், ‘அப்பாடா, இன்னும் ஒரு வருஷத்துக்குத் தப்பித்தோம்’ என்று கண்ணை மூடினார். குறட்டைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மனைவி போர்வையை இழுத்து அவர் கழுத்துவரை மூடினாள். ‘பாவம், மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்’ என்று ஒருமுறை தலையைக் கோதினாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படி இறங்கினாள்.

லாட்ஜின் பின்பக்கம் வழிகாட்டி காத்துக்கொண்டு நின்றான். அவள் முடியை இழுத்துக் கட்டியபடியே சொன்னாள்:

“வழக்கம்போல நான் முன்னாடி ஏறுறேன் தம்பி, நீ கீழேருந்து கயித்தைப் பிடி!”