வரவேற்பறைச் செடி

"விவசாயம் படிச்சவங்களுக்கு இங்கே என்ன வேலை?"

சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான் அண்ணன். வீட்டுக்குள்ளேயே டை வேறு கட்டியிருந்தான். இன்டர்வியூ ஒத்திகையாம்.

"விளைய வைக்கக் கத்துக்கிட்டேன் சார். விளைஞ்சதை விக்கத் தெரியாம பாதி அழுகிப் போகுது. அதைக் கத்துக்க வந்திருக்கேன்."

"ம், பரவாயில்லை டாக்டர்."

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, மார்க் குறைந்து, வேளாண்மைக் கல்லூரியில் போய் விழுந்தவள் அவள். அன்றிலிருந்து வீட்டில் பயிர் டாக்டர் என்றுதான் பெயர். படிக்கப் படிக்கப் பயிரே பிடித்துப்போனது வேறு விஷயம். இப்போது எம்.பி.ஏ. படிக்க உரக் கம்பெனி வேலையை விட்டாயிற்று. இரண்டு கல்லூரிகள் கைவிரித்தாயிற்று. மிச்சம் இருப்பது நாளைக்குப் போகிற இது ஒன்றுதான். இதுவும் போனால் அதோகதி.

அண்ணன் அங்கேயே படித்து வெளியே வந்தவன். அந்த மிதப்பு அவனுக்கு எப்போதும் உண்டு.

"கேள்வி பதில் எல்லாம் சும்மா கண்துடைப்பு. நிஜப் பரீட்சை வெளியே காத்திருக்கிற இடத்துலயே முடிஞ்சிடும்" என்று குரலைத் தாழ்த்தினான். "மூலையில ஒரு செடி வாடிப்போய் நிக்கும். வேணும்னேதான் வெச்சிருக்காங்க. யாருக்கு இரக்கம் இருக்குன்னு மேலே இருந்து கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும். நேரா போய், 'அச்சோ, வாடிட்டியே கண்ணு'ன்னு சத்தமா சொல்லித் தண்ணி ஊத்தணும். நான் அப்படித்தான் சீட் வாங்கினேன். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"நிஜமாவா அண்ணா?"

"கொடிக்குத் தேரையே கொடுத்த ராஜா கதை படிச்சவதானே நீ? அரை பாட்டில் தண்ணி கொடுக்க மாட்டியா?"

மறுநாள் போனால், அண்ணன் வாக்கு பொய்க்கவில்லை. மூலையில் செடி இருந்தது. வாடித்தான் இருந்தது. கூரையில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று சிவப்பு விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முன்னால் வந்தவர்களும் அதே கதையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் போல. ஒருத்தன் ஊற்றினான். இன்னொருத்தி "ஐயோ பாவம்" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஊற்றினாள். அட, என்ன கருணை.

அவளும் பாட்டிலோடுதான் போனாள். "அச்சோ" என்று வாயைத் திறந்தும்விட்டாள். பழக்கதோஷம், விரல் மண்ணுக்குள் போனது. சேறு. மூக்கருகே கொண்டுவந்தால் புளித்த வாடை. கீழ் இலையெல்லாம் மஞ்சள். செடி தாகத்தில் வாடவில்லை. தண்ணீர் கூடிப்போய் வேர் அழுகிக்கொண்டிருந்தது.

ஊற்றினால் சீட் கிடைக்கும், செடி போய்விடும். 'ஒரு செடிதானே, ஊத்தித் தொலை' என்றது மனசு. கை கேட்கவில்லை. பாட்டிலை மூடிவிட்டாள்.

அடுத்தாற்போல நீலக் கோட்டுக்காரன் ஒருவன் தன் பாட்டிலோடு குனிந்தான். அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஊத்தாதீங்க."

"நீங்கதான் ஊத்தலை. ஊத்துறவனையும் தடுக்கறீங்களே. கல்நெஞ்சுங்க உங்களுக்கு."

அறையே அவளை ஒரு மாதிரி பார்த்தது. வந்தது வரட்டும் என்று தொட்டியைத் தூக்கி, அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொண்டுபோய் வாஷ்பேசினில் கொட்டினாள். கையைக் கழுவுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை அவள் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னம்மா, வயல்லேர்ந்து நேரா வர்றீங்களா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? அண்ணன் பேச்சை மட்டும் எடுக்காமல், நடந்ததைச் சொன்னாள்.

"இரக்கப் பரீட்சைன்னு கேள்விப்பட்டு எல்லாரும் ஊத்துறாங்க மேடம். மண்ணு காயிற வரைக்கும் யாரும் தண்ணி காட்டாம இருந்தா பிழைச்சுக்கும்."

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"பரீட்சையா? அது என் செடிம்மா. வருஷம் பூரா நல்லா இருக்கும். இன்டர்வியூ ஆரம்பிச்சா போதும், செத்துப்போகும். மாத்தி மாத்தி வாங்கிட்டு வர்றேன். ஏன்னு இன்னிக்குத்தான் புரியுது."

ஏதோ ஞாபகம் வந்தவராகத் தொடர்ந்தார்.

"சில வருஷம் முன்னாடி நான் கதவைத் திறக்கிறேன், ஒரு பையன் கூரையைப் பார்த்து, 'அச்சோ, வாடிட்டியே கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லி ஊத்திட்டிருந்தான். மேலே இருக்கிறது புகை வந்தா கத்துற அலாரம். மார்க் நல்லா இருந்ததால அவனுக்குச் சீட் கொடுத்தோம். எல்லாம் அவன் ஆரம்பிச்சு வெச்சதுதான் போலிருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதன்பிறகு அழுகிப்போகிற தக்காளியைப் பற்றியும், குளிர்சாதனக் கிடங்கைப் பற்றியும் நிறையக் கேட்டார்கள். நிறையச் சொன்னாள். கிளம்பும்போது பேராசிரியை சொன்னார்:

"கிளாஸ் ஆரம்பிக்கிற அன்னிக்கு, உள்ளே போறதுக்கு முன்னாடி அந்தச் செடியை ஒரு தடவை பார்த்துடுங்க."

வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் அதற்கு அர்த்தம் புரிந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"என்ன டாக்டர், தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தலை."

"உருப்படுவியா நீ? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஏன் ஊத்தலை?"

"நீ ஊத்தினதே இன்னும் காயலை அண்ணா."