வாயைக் கட்டிய மோலி

புதுக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டதுமே கருப்பு மோலி மீனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை தண்ணீரும் அவள் ஒருத்திக்கே! வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு மேலே ஓடி வாயைப் பிளப்பாள். அவரும் பூரித்துப்போய் ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவுவார்.

சில நாளிலேயே அவளுக்குச் செவுள் எரிய ஆரம்பித்தது.

"அண்ணே, தண்ணி பளிங்கு மாதிரிதானே இருக்கு? ஏன் இப்படி எரியுது?" என்று மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்த வடிகட்டிப் பஞ்சிடம் கேட்டாள்.

"எல்லாம் நீ தின்னு கழிச்சதுதான் தாயி. கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவா கரைஞ்சு கிடக்கு. அதைத் தின்னு தீர்க்கிற நுண்ணுயிருங்க எனக்குள்ள இன்னும் குடியேறல. அதுவரைக்கும் வாயைக் கட்டு."

மூச்சு முட்டியதில் மோலி மேலே போய் வாயைத் திறந்து திறந்து மூடினாள். "பாவம், பசி" என்று வீட்டுக்காரர் இரண்டு சிட்டிகை போட்டார்.

அன்றிலிருந்து அவரைக் கண்டாலே மோலி அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தீனி வாசனை மூக்கைத் துளைத்தாலும் அசையவில்லை. பயந்துபோன அவர் தீனியை நிறுத்தினார். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியில் பிடித்துவைத்திருந்ததை ஊற்றினார். மறுநாளும் அப்படியே செய்தார்.

ஒரு காலையில் பஞ்சு கூவியது. "தாயி, வந்துட்டாங்க. உள்ள நிக்க இடமில்ல, பந்தி நடக்குது!"

மோலி தண்ணீரை இழுத்துப் பார்த்தாள். எரிச்சலே இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? ஒரே பாய்ச்சலாக மேலே போய் வாயைத் திறந்தாள்.

டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.