சம்பந்தியம்மா மல்லாந்து கிடந்த காலை

“செத்துப்போச்சு,” என்றான் அண்ணன். குரலில் துக்கம் மருந்துக்கும் இல்லை.

குப்பை அள்ளும் முறம் தரையில் உரசுவது அவளுக்குக் கேட்டது. பின்னாலேயே அண்ணியின் கையில் பாலித்தீன் பை சரசரத்தது. புருஷனும் பெண்டாட்டியும் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தவள், சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். நாலே எட்டில் அலமாரிக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் தடவினாள். மூடியை எடுத்துவிட்டிருந்தார்கள். திறந்திருந்த வாயின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

உள்ளே இருந்தது அவளுடைய டாரன்டுலா. உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் ரோமம். நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்துகொண்டு, எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதால், அதற்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்தது அண்ணிதான்.

பார்வை இல்லாதவளுக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று ஆறு மாதத்துக்கு முன்பே வீடு ஒரு பாட்டம் பாடி ஓய்ந்திருந்தது. “அது செத்துக் கிடந்தாக்கூட உனக்குத் தெரியாது,” என்று அப்போதே சொன்னான் அண்ணன். அது செத்தால் இனி இந்த வீட்டில் எறும்புகூட வளர்க்கக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டான்.

‘உனக்குத் தெரியாது’ என்ற அந்த ஒரு சொல்தான் அவளை உசுப்பிவிட்டது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை. தெரியாது என்ற வார்த்தையை அவளிடம் சொல்லிவிட்டு யாரும் சுலபத்தில் தப்பியதில்லை.

வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிக் காதால் கேட்கிற புத்தகம் உண்டா என்று நூலகத்தில் போய்க் கேட்டாள். பேசும் புத்தகப் பிரிவில் இருந்தவர் நாய் உண்டு, கிளி உண்டு என்றார். சிலந்தி என்றதும் இருமினார். குயிலைப் பற்றி ஒன்று இருக்கிறது, உங்களுக்குக் கேட்க இனிமையாக இருக்கும் என்றார். குயிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இணையத்தில் தேடினால், திரையை வாசிக்கும் போன் “படம், படம், படம்” என்று ஒப்பித்தது. முக்கியமான இடம் வந்தபோதெல்லாம் ‘கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்’ என்றது. எழுதிய ஆள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பாள்.

அவள் விடவில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் வரி வரியாக விவரித்திருந்த ஒரு தடித்த புத்தகத்தைப் பிடித்தாள். அது அச்சில்தான் இருந்தது. அதையும் ஒருவழியாகப் போனுக்குள் ஏற்றிவிட்டாள். பஸ்ஸிலும் துணி மடிக்கும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு, மனப்பாடமே ஆகிவிட்டது.

“கையை எடு. பூச்சி செத்தா நாறும்,” என்றான் அண்ணன்.

“முதல்ல இதைச் சொல்லு. காலெல்லாம் உள்ளே சுருண்டு இருக்கா, விரிஞ்சு இருக்கா?”

“எட்டையும் விரிச்சுப் போட்டுக்கிட்டு மல்லாந்து கிடக்குது. செத்தது வேற எப்படிம்மா கிடக்கும்?”

அவளுக்கு அது போதுமாயிருந்தது. மூன்று வாரமாகச் சம்பந்தியம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. இரைக்குப் போட்ட பூச்சிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பி வைத்து, அவள் காத்திருந்ததே இதற்காகத்தான்.

ஆனால் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை பார்த்துப் பவர் சொன்னவன். அவன் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

முறத்தின் விளிம்பு அவள் மணிக்கட்டில் இடித்தது. இந்த நேரத்தில் யாராவது கைவைத்தால் உள்ளே இருப்பது உண்மையிலேயே செத்துப்போகும்.

“எடுக்கிறதா இருந்தா என் கையை ஒடிச்சுட்டு எடு,” என்றாள்.

மற்றக் கையால் போனை எடுத்தாள். ஒன்பதாம் அத்தியாயம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். எப்போதும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பவள், அவர்களுக்காகச் சாதாரண வேகத்துக்கு இறக்கினாள். ஒலியை முழுதாகக் கூட்டினாள்.

“சிலந்தி கால்களை விரித்து மல்லாந்து கிடந்தால், இறந்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்,” என்றது போன். “அது தோலுரிக்கிறது. முடியும்வரை தொடக் கூடாது. இறந்த சிலந்தியின் கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டிருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.”

போனில் பக்கம் திருப்பும் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து நீளமாக ஒரு கொட்டாவி.

“இன்னும் எத்தனை பக்கம்மா இருக்கு? எனக்குக் கடைக்கு நேரமாச்சு.”

பாலித்தீன் பை சரசரப்பது நின்றது.

“ஏங்க,” என்றாள் அண்ணி, “இது நீங்கதானே?”

மணிக்கட்டிலிருந்து முறம் மெல்ல விலகியது.

தினம் காலையில் கடைக்குக் கிளம்புமுன், தங்கை விடாமல் நச்சரித்ததால், முக்கி முனகி அவன் போனில் பதிவாகும்படி வாய்விட்டுப் படித்துக் கொடுத்த புத்தகம் அது. அதில் எழுதியிருந்ததை இன்றைக்குத்தான் அவன் காது கொடுத்துக் கேட்டான்.