மொட்டைத் தட்டுகள்

"ஆமா மாமா, நான்தான் செஞ்சேன்," என்றான் மச்சினன். முதல் அறையிலேயே அவன் உதடு கிழிந்திருந்தது.

டயர்க் கடைக்காரனுக்கு அது போதவில்லை. லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றிப் போடுகிற கை அது. இன்னொன்று விட்டான். மச்சினன் மேசையில் மோதி, ஹெட்போனையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

"எதுக்குடா செஞ்சே?"

"பொறாமைதான். நீங்க ஜெயிச்சுடுவீங்கன்னு."

நம்பக்கூடிய பதில்தான். நான்கு மணிக்குப் பழைய ஹிப் ஹாப் டி.ஜே. போட்டி. மாமனும் மச்சினனும் இருவருமே பேர் கொடுத்திருந்தார்கள். மச்சினனுடைய இசைத்தட்டுப் பெட்டி மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் மூலையில் பத்திரமாக இருந்தது.

ஜெயிக்கிறவனுக்கு ரேடியோவில் வாரா வாரம் ஒரு மணி நேரம். பதினெட்டு வயதிலிருந்து கிரீஸும் ரப்பர் நாற்றமுமாகக் காலம் தள்ளியவனுக்கு, கடையை விட்டு வெளியே வர இருந்தது அந்த ஒரே வழிதான்.

அதற்காக ஒன்றரை வருஷம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டிருந்தான். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு டர்ன்டேபிளில் வைப்பான். பாடுகிறவன் ஓய்ந்து டிரம் மட்டும் தனியாக அடிக்கும் நாலே விநாடியை, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக மாற்றி மாற்றி நாலு நிமிஷத்துக்கு இழுப்பான். டிரம் தொடங்கும் இடம் தெரிவதற்காக, ஒவ்வொரு தட்டின் நடு லேபிளிலும் சிவப்பு டேப்பை ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தான்.

இப்போது மணி இரண்டு. பெட்டியைத் திறந்து பார்த்தால் நாற்பது தட்டும் மொட்டை! லேபிளும் இல்லை, டேப்பும் இல்லை. எது எந்தப் பாட்டு, எங்கே டிரம், ஒன்றும் தெரியாது. கழுத்தில் பட்டைச் சங்கிலியோடு சுவர் முழுக்க ஒட்டியிருந்த அவனுடைய ஆசை ராப் பாடகர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எதாலடா எடுத்தே?"

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "கத்தியால. சுரண்டி எடுத்தேன்."

டயர்க் கடைக்காரன் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் வழவழவென்று, இன்னும் லேசாக ஈரமாகவே இருந்தது. கோபம் தலைக்கேறியவனுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்? அந்தத் தட்டாலேயே மச்சினன் நெற்றியில் ஓங்கி அடித்தான். தட்டு இரண்டாக உடைந்தது. புருவத்துக்கு மேல் பிளந்து, ரத்தம் கண்ணை மூடியது.

இந்தக் கோபம் இந்த வீட்டுக்குப் புதிதில்லை. போன மாதம் மனைவி தூசி தட்டியபோது டர்ன்டேபிள் ஊசி முறிந்துவிட்டது. வீங்கிய கன்னத்தோடு ஒரு வாரம் வேலைக்குப் போய், கேட்டவர்களிடமெல்லாம் பல்வலி என்று சொல்லிச் சமாளித்தாள் அந்தப் பைத்தியக்காரி. புருஷன் மேல் அவளுக்கு அவ்வளவு உயிர். ஆனால் அவள் தம்பி, இந்த மச்சினன், நம்பவில்லை. இரண்டு நாள் தங்க வந்தவன், திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டான்.

"என் வீட்டுலயே இருந்துக்கிட்டு எனக்கே குழி பறிக்கிறியா? எழுந்திருடா!"

மச்சினன் எழவில்லை. கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை.

"எவ்வளவு வேணும்னாலும் அடிங்க மாமா. ஆனா இது என்னோட போகட்டும்."

"போகட்டுமா? ஒன்றரை வருஷத்தைக் கெடுத்துட்டு, போகட்டுமாம்!"

அவனுடைய வலது கையை இழுத்துத் தரையில் விரித்து வைத்து, கடைக்குப் போட்டுப் போகிற இரும்பு முனை பூட்ஸால் விரல்கள் மேல் ஏறி நின்றான். அதுவும் போதாமல் குதிகாலை ஒரு திருகு திருகினான். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் சத்தம் கேட்டது.

"இனிமே நீ எந்தத் தட்டைச் சுத்துறேன்னு நானும் பாக்கறேன்."

அதற்கும் மச்சினன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தான். வெளிக்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டபோதுதான் அவன் பதறி எழப் பார்த்தான்.

"அக்கா, நீ எதுவும் சொல்லா..."

முடிக்க விடாமல் டயர்க் கடைக்காரன் அவன் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினான்.

"சும்மா இருடா. ஆசைத் தம்பியோட லட்சணத்தை அவளும் வந்து பாக்கட்டும்."

கூடத்தில் அவள் செருப்பைக் கழற்றிப் போட்டாள். போட்டிக்குப் போட்டுப் போகப் புருஷனுக்குப் புதுச் சட்டை வாங்கப் போயிருந்தவள், பை சரசரக்க அறைப் பக்கம் வந்தாள். கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் குரல் சந்தோஷமாக உள்ளே வந்துவிட்டது.

"என்னங்க, பெட்டியைத் திறந்து பாத்துட்டீங்களா? எந்தப் பாட்டுன்னு எதிராளி எட்டிப் பாத்துடக் கூடாதுன்னு, அந்தக் காலத்து டி.ஜே.ங்க லேபிளையெல்லாம் உரிச்சுடுவாங்கன்னு அன்னைக்குச் சொன்னீங்கல்ல... விடிகாலையில வெந்நீர்ல ஊறப் போட்டு, நாப்பதையும் நானே உரிச்சு வெச்சேங்க!"